மதேராவுக்கு ஓர் ஏஜென்ட்

அட்லாண்டிக் கடல் வணிகத்தைக் கெடுத்தது புயலும் அல்ல, கொள்ளையரும் அல்ல, மச்சான்கள்தான். முந்நூறு ஆண்டுகளாக அறிஞர்கள் கவனிக்கத் தவறிய இந்த உண்மையை, பிஸ்கட்டவேயில் எங்கள் கல்லூரி விடுதி அறையில், நூடுல்ஸ் ஆறும் இடைவெளியில் என் அறைத்தோழன் முகுந்த் கண்டுபிடித்தான்.

எங்கள் வரலாற்று வகுப்பில் இந்த செமஸ்டர் முழுக்க ஒரு விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு காலனி கால வணிக நிறுவனம்; முகுந்தும் நானும் ஒன்று. பெர்த் அம்பாய் துறைமுகத்தில் மாவு ஏற்றி மதேராத் தீவுக்கு அனுப்ப வேண்டும். விற்ற காசில் ஒயின் வாங்கிக் கப்பலைத் திருப்ப வேண்டும். தீவில் நம் சார்பாக விற்று வாங்க ஓர் ஏஜென்ட் தேவை. வேறு நிறுவனத்து மாணவர் யாரையும் அமர்த்தலாம். கடிதம் போக ஒரு வாரம், பதில் வர ஒரு வாரம். நடுவில் அங்கே நடப்பது ஏஜென்டுக்கும் புரொஃபசருக்கும் மட்டுமே தெரியும்.

அந்தக் காலத்து வணிகர்கள் இந்த வேலைக்குத் தம்பியை அனுப்பினார்கள், இல்லாவிட்டால் மைத்துனனை.

"அதான்டா தப்பு," என்றான் முகுந்த். "சொந்தக்காரனை வச்சு நடத்தினா அது கம்பெனி இல்ல, கல்யாண வீடு. நாம மெரிட் பாத்து ஹயர் பண்றோம்."

"உங்க அத்தை பொண்ணு அஞ்சனா இருக்காளே? அதே க்ளாஸ்தானே?"

"அவளா? ஒயினுக்கும் வினிகருக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு."

முகுந்துக்கு இந்த வகுப்பில் பி கிரேடாவது வந்தாக வேண்டும். இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் போகும், கூடவே விடுதி அறையும். பிறகு பார்சிப்பனி வீட்டிலிருந்து, அவன் அப்பா ஓட்டும் காரில், பங்குச் சந்தை நிலவரம் கேட்டுக்கொண்டே தினமும் வர வேண்டும்.

மெரிட்டில் ட்ரெவர் தேர்வானான். இன்டர்வியூவுக்கு டை கட்டி வந்தவன் அவன் ஒருவன்தான்.

மதேராவிலிருந்து ட்ரெவர் எழுதிய கடிதம் வந்தது: மாவில் புழு, பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று, மிகவும் வருந்துகிறேன். பாதி விலைக்கு வாங்கியது யார் என்று அடுத்த வகுப்பில் தெரிந்தது. ட்ரெவரின் சொந்த நிறுவனம். முகுந்த் முறையிட்டான். விதிப்படியும் சரி, வரலாற்றுப்படியும் சரி என்றார் புரொஃபசர்.

எங்களிடம் மிச்சம் ஒரே கப்பல். இதுவும் போனால் கிரேடும் போச்சு.

"வேற யாரையாவது இன்டர்வியூ பண்ணலாமா?" என்றேன்.

"ம்."

மறு வகுப்பில் அவன் என் பக்கம் வரவில்லை. நேராகப் போய் அஞ்சனாவுக்கு அருகில் உட்கார்ந்தான். பின்வரிசையிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"அத்தை நல்லாருக்காங்களா?"

அஞ்சனா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்கம்மா பேரு சொல்லு பாப்போம்."

"எழிலரசி அத்தை."

"அஞ்சு பர்சென்ட் கமிஷன்."

"நமக்குள்ள என்ன கமிஷன், அஞ்சு?"

"சொந்தம்னாலதான் அஞ்சு. நான் உன்னை ஏமாத்தினா உங்கம்மா எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணுவாங்க. ட்ரெவரோட அம்மா நம்பர் உன்கிட்ட இருக்கா?"

முகுந்த் பேனாவை எடுத்தான். அன்று மதேராவுக்குப் போன கடிதத்தின் முதல் பத்தி முழுக்க அத்தையின் முழங்கால் வலி பற்றிய விசாரிப்பு. மாவு இரண்டாம் பத்தியில்தான் வந்தது.