சோற்றுக்குள் பச்சை மணிகள்

மூக்கியிடம் காட்டாமல் அந்த மாடி வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். பால் பாக்கெட்டைத் திறந்தால் அவளிடம் நீட்டுவார்கள். முந்தின நாள் வேகவைத்த பருப்பு பாத்திரத்தோடு அவள் முகத்துக்கு நேரே வரும். கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பாள். "சாப்பிடலாம்" என்பாள், இல்லையென்றால் பேசாமல் குப்பைக் கூடையைக் காட்டுவாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது. பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நான்கு மாணவிகள் சேர்ந்து எடுத்த வீடு அது. மூக்கி கட்டடக்கலை படித்தாள். அவளுடைய சித்தி மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். தட்டில் போட்டதைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவதால் அவள் குருவி. சட்டம் படித்தவள் வக்கீல். கிருமிகளைப் பற்றிப் படித்தவள் லேப்காரி.

பரீட்சை நெருங்கியதும் சமையல் சுருங்கிப்போனது. காலையில் ஒரு பானை சோறு வடித்து, இறுக மூடி, அடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வருகிறவர்கள் முட்டையை உடைத்து ஊற்றி, காயை நறுக்கிப் போட்டுப் புரட்டிக்கொள்வார்கள். காலைச் சாப்பாடு என்பதே ஒழிந்துவிட்டது. டீயும் பிஸ்கட்டும்தான்.

அன்று வெயில் கொளுத்தியது. மூக்கியும் குருவியும் வக்கீலும் மதியம் தாண்டித்தான் வீடு வந்தார்கள். மூக்கி பானையைத் திறந்தாள். உள்ளே சோறு இன்னும் வெதுவெதுப்பாக, பூப்போல இருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். வெந்த அரிசியின் நல்ல வாசனை. "அருமையா இருக்கு" என்றாள். ஆவி பறக்கச் சூடாக்கி, மூன்று பேரும் சாப்பிட்டார்கள். குருவிகூட அன்று இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் வக்கீல் குளியலறைக்கு ஓடினாள். அவள் வெளியே வருவதற்குள் குருவி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கிக்கும் குமட்டியது, ஒரு தடவை வாந்தி எடுத்ததோடு நின்றுவிட்டது. வக்கீலும் சமாளித்துக்கொண்டாள். குருவிக்குத்தான் நிற்கவே இல்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வந்தது. எழுந்து நின்றவள், "அக்கா, கண்ணு இருட்டிட்டு வருது" என்று சொல்லி அப்படியே சரிந்தாள்.

தெருமுனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா குருவியின் கைத்தோலைக் கிள்ளி விட்டார். அது மடிந்தபடியே நின்றது.

"காலையில என்ன சாப்பிட்டா?"

"டீ."

"நேத்து ராத்திரி?"

மூக்கி தயங்கினாள். "பிஸ்கட்."

"உடம்புல சேமிப்பே இல்லம்மா. அதான் ஒரே அடியில விழுந்துட்டா. மதியச் சோறு எப்ப வடிச்சது?"

"காலையில. ஆனா கெட்டுப்போகல டாக்டர். நான் முகர்ந்து பார்த்தேன். நல்லா சூடும் பண்ணோம்."

டாக்டரம்மா ஊசியை நரம்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "கெட்ட வாசனை வந்தா அது நல்ல கிருமிம்மா, நம்மள எச்சரிக்கை பண்ணிட்டுப் போகுது. சில கிருமி வாசனையே காட்டாது. சோத்துல நஞ்சை விட்டுடும். அந்த நஞ்சு நீங்க பண்ற சூட்டுக்கெல்லாம் அசையாது."

மூக்கி வெளியே வந்து சித்திக்குப் போன் போட்டாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தாள். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பக்கத்துல இருக்கேல்ல? அப்ப எனக்கு என்ன பயம்" என்றாள். நாலு வசவு விழுந்திருந்தால் தேவலை என்று மூக்கிக்குத் தோன்றியது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குருவியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதில் என்ன மருந்து என்று நர்ஸிடம் கேட்டாள்.

"மருந்தா? உப்புத் தண்ணிதான்" என்றாள் நர்ஸ்.

அந்த உப்புத் தண்ணீர் செய்த வேலையை மூக்கி கண்கொட்டாமல் பார்த்தாள். முதலில் விரல் நுனியில் சூடு வந்தது. பிறகு கன்னத்தில் லேசாக ரத்தம் ஊறியது. பாட்டில் பாதி இறங்குமுன் குருவி கண்ணைத் திறந்து, "அக்கா, நீ ஏன் சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி உட்கார்ந்திருக்க?" என்று கேட்டாள். மூக்கிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாடிய செடி தண்ணீர் கண்டு நிமிர்வதைப் பார்த்திருக்கிறாள். ஓர் ஆள் அப்படி நிமிர்வதை அன்றுதான் பார்த்தாள்.

பாட்டில் தீர்ந்ததும் குருவியோடு வீட்டுக்கு வந்தபோது லேப்காரி பானையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். மதியம் அவள் வீட்டில் இல்லை. அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, ஃப்ரிட்ஜில் தனியே மூடி வைத்தாள்.

"எங்க மேடத்துகிட்ட கேட்டுட்டேன். நாளைக்கு இதை வளர்த்துப் பார்க்கப் போறேன். நீயும் வாடி."

"எதை வளர்க்கப் போற?"

"நீ முகர்ந்து பார்த்ததை."

வளர்வதற்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் மூக்கி அந்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் போனாள். லேப்காரி வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினாள். உள்ளே ஜெல்லியின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பனி பிடித்த கண்ணாடி போல மங்கலாக, ஓரமெல்லாம் நெளிநெளியாக.

"இத்தனையும் அந்தச் சோத்துலயா?"

"ஒரு பருக்கையைக் கரைச்சு, அதுல ஒரு துளி. அவ்வளவுதான். இப்ப இங்க பாரு."

மூக்கி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. லேப்காரி திருகைத் திருப்பியதும் சட்டென்று ஒரு ஊரே விரிந்தது. சாயம் ஏற்றிய சின்னச் சின்னக் குச்சிகள், இளஞ்சிவப்பு நிறத்தில், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரிசை வரிசையாக. பல குச்சிகளின் வயிற்றுக்குள் பச்சை மணி ஒன்று மின்னியது.

"அந்தப் பச்சை என்னது?"

"விதை மாதிரின்னு வச்சுக்கோ. அரிசியோடயே வருது. கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சாகாது. சும்மா தூங்கும். சோறு ஆறி வெதுவெதுன்னு இருக்கு பாரு, அப்பதான் முழிச்சுக்கும். முழிச்சா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நாம காலையிலேர்ந்து மூடி போட்டு அதுக்குத் தொட்டில் கட்டி விட்டிருக்கோம்."

மூக்கி கண்ணை எடுக்கவே இல்லை. கொதிநீரில் வெந்தும் வேகாமல், ஒரு பருக்கைக்குள் காத்துக் கிடந்து, தக்க நேரத்தில் கண் விழிக்கும் உயிர். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அவள் நெஞ்சில் பயத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய கட்டடங்களின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது வருமே, அது. இங்கே குனிந்து பார்க்கும்போது வந்தது.

"இதை எப்படித்தான் தடுக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தூங்க விட்டுடணும். வடிச்ச உடனே சாப்பிடு. மிச்சத்தை அகலமான தட்டுல பரப்பி, சீக்கிரம் ஆற வச்சு, ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளு. அவ்வளவுதான்."

அந்த வாரமே பெரிய பானை பரண் மேல் ஏறியது. அளவாக வடித்தார்கள். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாத யாரையும் வக்கீல் அலமாரிப் பக்கம் விடவில்லை. தடை உத்தரவு என்றாள். காலையில் அவித்த முட்டையோ பயறோ, ஒரு பழமோ இல்லாமல் குருவி வாசல் தாண்டக் கூடாது என்று தீர்ப்பும் எழுதினாள்.

குருவி தேறியதும் தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். லேப்காரி இந்தத் தடவை வீட்டுத் தயிரில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி வைத்திருந்தாள். குருவி எட்டிப் பார்த்தாள். ஊதா நிறத்தில் உருண்டைகள் பாசிமணிச் சரம்போல நீண்டு கிடந்தன. நடுநடுவே குச்சிகள்.

"ஐயய்யோ, இதுலயும் இருக்கா! இதைத்தான் நான் தினமும் சாப்பிடறேனா?"

"கோடிக்கணக்கில. இவங்கதான் பாலைத் தயிராக்கினவங்க. நமக்கு வேண்டியவங்க."

அக்காவும் தங்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி பார்க்கும்போது இன்னொருத்தி அவசரப்படுத்தினாள். கூடத்தைப் பூட்ட வேண்டிய நேரம் வந்தும் அவர்கள் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, குருவி ஒரு கிண்ணம் தயிரில் வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டாள். கரண்டியை வாய் வரை கொண்டுபோய் நிறுத்தி, அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, எத்தனை பேரு இதுல!" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டாள்.