வாத்தியாருக்கு வந்த பேச்சு

ராஜநாயகம் வாத்தியார் வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்தான் என்று அவர் மனைவி ஐரின் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அதிலும் பாதிதான் நிஜம். தூக்கத்திலும் மனுஷன் எவனுக்காவது கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். சாந்தோமில் மாதா கோயிலை ஒட்டிய பையன்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக நாலாம் வகுப்பு வாத்தியார். வீட்டில் மூக்குக்கண்ணாடி காணோம் என்றால் "ஐரின்!", குடை காணோம் என்றால் "ஐரின்!", ஒன்றும் காணாமல் போகவில்லை என்றாலும் "ஐரின், இங்க வா, ஒண்ணு சொல்றேன்." கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. "இன்னாங்க, என் பேரை ஏலம் போடறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பொங்கல் லீவு முடிகிற அன்று, அவர் டிராமிலிருந்து விழுந்தார். வண்டி நின்ற பிறகு இறங்குகிற பொறுமை மயிலாப்பூரில் எந்த ஆம்பளைக்கு இருந்தது, சொல்லுங்கள்! லஸ் முனையில் வேகம் குறைந்ததும் குதிப்பார். இருபது வருஷம் குதித்தவர்தான். அன்றைக்கு வேட்டி காலில் சுற்றிக்கொண்டது. தலையின் இடது பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய கல்லில் போய் மோதியது.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. பத்தாம் நாள் திறந்தபோது வலது கையும் காலும் துவண்டு கிடந்தன, வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. "கை கால் வரும்மா, பாடுபட்டா வரும். பேச்சுக்கு மட்டும் நான் வாக்குக் கொடுக்க முடியாது," என்றார் டாக்டர்.

பாடுபட்டார்கள். விடிந்ததும் ஐரின் ஒரு பக்கம், பதினேழு வயது மகள் கிளாடிஸ் ஒரு பக்கம், நடுவில் அவரைத் தாங்கிக் கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போவார்கள். மணலில் விழுந்தால் அடிபடாது என்பது கிளாடிஸின் யோசனை. முதல் வாரம் பத்தடி. மாசி முடிவதற்குள் கட்டுமரங்கள் கிடக்கிற இடம் வரைக்கும். ஈரத்துணியை உருட்டி வலது கையில் கொடுத்துப் பிழியச் சொல்வார்கள். அவர் முகம் சிவக்கப் பிழிவார், ஒரு சொட்டு விழும். ஐரின் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் கையைத் தட்டிவிட்டு இடது கையால் ஸ்பூனைப் பிடித்து அவரே சாப்பிட்டார். சட்டையெல்லாம் ரசம். அன்று அவள் கொல்லைப்புறம் போய் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பங்குச் சாமியார் கோவாக்காரர், இளகின மனசு. ஒரு நாள் வீட்டுக்கே வந்து, "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் நாலாம் வகுப்புக்கு வேற யாரையும் போட மாட்டேன். அதுக்குள்ள வாத்தியாருக்குப் பேச்சு வரணும், ஐரின்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரு நினைப்புதான். வகுப்பு இல்லாத ராஜநாயகத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் அது நடந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டில் ஜெபமாலை சொல்லாமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஜெபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல வேண்டும், மறு பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஐரின் முதல் பாதி சொல்வாள், கிளாடிஸ் மறு பாதி. அன்றைக்குக் கிளாடிஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஐரின் தன் பாதியை முடித்தாள். மகள் இருமிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல் எழுந்து மறு பாதியை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

ஐரின் கையிலிருந்து மணிமாலை கீழே விழுந்தது. எடுத்தாள். அடுத்த மணியைச் சொன்னாள். அவர் மறு பாதியைச் சொன்னார். மாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் சொன்னார்! கிளாடிஸ் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஐரினோ ஜெபத்துக்குப் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினாள். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். மறுநாள் காலையில் கோயில் வாசலில் சாமியாரை வழிமறித்து, "சாமி, பேச்சு வந்துடுச்சு! மாதா குடுத்துட்டா!" என்றாள். சாமியாரும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. கெடுத்தவள் பாஞ்சாலி, குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள். அவள் கூடையை இறக்கிவிட்டு, "வாத்தியாரே, பேச்சு வந்துட்ச்சாமே! சொல்லு, வஞ்சிரம் வோணுமா, சங்கரா வோணுமா?" என்று கேட்டாள். ராஜநாயகம் மீனைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. நெற்றியில் வியர்த்தது. கடைசியில், "ஆமென்," என்றார்.

பாஞ்சாலி கூடையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "யம்மா, கோச்சுக்காத. இது பேச்சு இல்லம்மா. பழக்கத்துல வாய் பாட்டுக்கு ஓடிக்கினு கீது. கேட்டதுக்கு ஒண்ணும் வர்ல பாரு."

"போடி, நீயும் உன் மீனும்! வயித்தெரிச்சல் புடிச்சவளே!" ஐரின் கதவை அறைந்து சாத்தினாள். பாவம், பாஞ்சாலிக்கு என்ன வயிற்றெரிச்சல்? அவள் கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

ஆனாலும் அந்தப் பேச்சு ஐரினை விடவில்லை. மத்தியானம் கிளாடிஸ் தையல் வகுப்புக்குப் போன பிறகு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "ஏங்க, என் பேரு இன்னா? சொல்லுங்க." அவர் அவளையே பார்த்தார். உதடு குவிந்தது, விரிந்தது. ஒன்றும் வரவில்லை. "சரி, நம்ம பொண்ணு பேரு?" அதுவும் இல்லை. பிறகு மெதுவாக ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னாள். குழாயைத் திருகியதுபோல மறு பாதி கொட்டியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் சர்க்கரை கொடுத்தாயிற்று, சாமியாரிடம் சொல்லியாயிற்று, ஜூன் மாசம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மாதா பாதி கொடுத்திருக்கிறாள், மீதியை நாம் இட்டு நிரப்பினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஜெபம் வருகிறதென்றால் வாய்ப்பாடும் வருமோ? "ஓரேழ் ஏழு" என்று எடுத்துக்கொடுத்தாள். அவ்வளவுதான், மனுஷன் பதினாறேழ் வரைக்கும் நிற்காமல் போனார். அவள் கைதட்டிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் சாமியார் முன்னால் சொல்லிக்காட்டுவதற்குத் தினமும் ஒத்திகை. "ஸ்தோத்திரம் சாமி" என்று வணக்கத்தை அவள் தொடங்கினால் அவரும் "ஸ்தோத்திரம் சாமி" என்பார். பிறகு ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு, பத்துக் கற்பனைகள் என்கிற வேதக் கட்டளைகள். நடுவில் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது.

"அம்மா, இது ஏமாத்து வேலை," என்றாள் கிளாடிஸ்.

"யாரை ஏமாத்தறேன்? சாமி இன்னா கேக்கப்போறாரு? வாய்ப்பாடு சொல்லுன்னுவாரு, ஜெபம் சொல்லுன்னுவாரு. வகுப்புக்குள்ள போய் நின்னா மீதி தானா வந்துடும்."

"அப்பாவுக்குப் புடிக்கலம்மா. அவர் மூஞ்சியைப் பாரு."

ஐரின் பார்க்கவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் சாமியாரின் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைக் கோட்டு, இஸ்திரி போட்ட வேட்டி, தலையில் தழும்பை மறைக்கிற மாதிரி வாரிவிட்ட முடி. தடியை ஊன்றிக்கொண்டு படியேறிவிட்டார். பார்த்தவர்களெல்லாம் மூக்கில் விரலை வைத்தார்கள். ஐரின் வாசற்படியிலேயே "ஸ்தோத்திரம் சாமி" என்றாள். "ஸ்தோத்திரம் சாமி," என்றார் ராஜநாயகம். சாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சாமி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவாரு, கேளுங்க. ஓரேழ் ஏழு..." ராஜநாயகம் சொன்னார். வகுப்பில் சொல்கிற அதே ராகம், அதே கம்பீரம். சாமியார் மேஜையில் தாளம் போட்டார். நாலாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். இன்னும் ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் போதும் என்று ஐரின் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

நல்ல மனுஷர், விளையாட்டாகத்தான் கேட்டார். ரொம்பச் சுலபமான கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டார். "அது கிடக்கட்டும், வாத்தியாரே. உங்களை இவ்வளவு தூரம் தேத்திக் கொண்டுவந்திருக்காங்களே, இவங்க யாரு? பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

ராஜநாயகம் திரும்பி ஐரினைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "ஓ... ஓரேழ்..." என்றார். தலையை ஆட்டினார், அது இல்லை என்று. மறுபடியும் முயன்றார். "ஈரேழ்..." 

"ஐரின்! ஐரின்னு சொல்லுங்க! ஒரு தடவை சொல்லுங்களேன்!" அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது.

அவர் அவள் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். இடது கையால் பதிவேட்டை மூடினார். மெதுவாகச் சாமியார் பக்கம் தள்ளினார். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கோட்டு மேல் வழிந்தது, துடைக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. மூன்று மாசமாக அவள் எதை ஒத்திகை பார்க்கிறாள், எதற்காகப் பார்க்கிறாள் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐரினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நாலாம் வகுப்புக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். ஐரின் மாதாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆமாம், சண்டைதான். "பாதியைக் குடுத்து என்னை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு ஜெபமாலையைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். கிளாடிஸ் கெஞ்சிப் பார்த்தாள், ஆகவில்லை. விளக்கு வைத்ததும் சோறு போட்டுவிடுவாள். எட்டு நாள் அப்படியே போயிற்று. முதல் பாதியைச் சொல்ல ஆள் இல்லாததால் அந்த எட்டு நாளும் ராஜநாயகத்தின் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கோபத்தில் இருந்தவளுக்கு அது உறைக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை கிளாடிஸ் வீட்டில் இல்லை. ஐரின் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் ஒரு குரல்.

"மரண நேரத்திலும்!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஜெபத்தின் மறு பாதியில் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற வார்த்தை அது, எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவைக் கேட்கிற இடம். ஆனால் முதல் பாதியை யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லையே!

"இன்னாங்க இது, அபசகுனமா, பட்டப்பகல்ல..."

"மரண நேரத்திலும்! மரண நேரத்திலும்!" தடியால் அடுப்படியைக் காட்டினார். தீய்ந்த வாசனை அப்போதுதான் அவள் மூக்கில் ஏறியது. பால்! அடுப்பில் வைத்துவிட்டு மறந்தே போயிருந்தாள். ஈரக் கையோடு ஓடிப் பாத்திரத்தை இறக்கினாள். பாதிக்கு மேல் பொங்கி அடுப்பு அவிந்து கிடந்தது.

அவர் தடியை ஊன்றி ஊன்றி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். பாலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இடது கையை நீட்டி அவள் நெஞ்சுக்கு நேராகக் காட்டி, "மரண நேரத்திலும்," என்றார், இந்தத் தடவை மெதுவாக. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தார். கண்ணாடி காணாமல் போனால் அவள் பேரை இழுப்பாரே, அந்த இழுப்பு.

ஐரின் கரித்துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. அவர் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தவர்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"மரண நேரத்திலும்?"

"இன்னாங்க," என்றாள் ஐரின்.