மனசாட்சி தைத்த பூட்ஸ்

ரெங்கோ ஊரில் பூட்ஸ் தைத்துப் பிழைக்கும் நிக்கானோருக்கு இருந்த ஒரே கௌரவம் அவனுடைய வாக்காளர் சீட்டு; அதைக் காட்டினால்தான் வாக்களிக்க முடியும். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். ஆனால் அவனைப் போல ஊர்க்காவல் படையில் இருப்பவர்களின் சீட்டுகளைத் தேர்தலுக்கு முன்பே கேப்டன் பிடுங்கி வைத்துக்கொள்வார். வாக்குப் பதிவன்று அரசாங்கத்து ஆட்களின் பெயர் எழுதிய ஓட்டுத் தாளை அதற்குள் மடித்து வைத்துத் திருப்பிக் கொடுப்பார். இந்த அக்கிரமத்தைக் கேட்க நாதியில்லை.

இந்த முறை நிக்கானோர் சீட்டைத் தன் பூட்ஸின் அடித்தோலுக்குள் வைத்துத் தைத்துவிட்டான். "தொலைஞ்சுபோச்சுங்க கேப்டன்" என்று சொன்னதற்கு மூன்று நாள் கொட்டடியில் கிடந்தான். வாக்குப் பதிவன்று தேவாலயப் படியில் உட்கார்ந்து அடித்தோலைப் பிரித்தான். கசங்கிய சீட்டோடு போய் மருந்துக்கடை எவரிஸ்தோவுக்கு வாக்களித்தான்.

ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்க முடியாது. எவரிஸ்தோ போன்ற பிரதிநிதிகள் மாகாணத் தலைநகரில் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். "என் கையை வெட்டினாலும் என் ஓட்டு எதிர்க்கட்சிக்காரருக்குத்தான்" என்று சத்தியம் செய்துதான் எவரிஸ்தோ ஜெயித்தார்.

ஜூலை மழையில் தலைநகரான சான் பெர்னாண்டோவுக்குப் போனவர், அரசாங்கத்தின் ஆளுக்கே வாக்களித்துவிட்டு, பத்திரப் பதிவாளர் பதவியோடு திரும்பினார். கொஞ்சமும் கூசாமல் நிக்கானோரின் கடைக்கே வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை பதவி ஏத்துக்கணும்ப்பா. பளபளன்னு ஒரு ஜோடி பூட்ஸ் தைச்சுக் குடு."

"எங்க ஓட்டையெல்லாம் என்னய்யா பண்ணீங்க?"

"உனக்குப் புரியாதுப்பா. பிரதிநிதியை யாரும் கட்டுப்படுத்த முடியாது, அதுதான் சட்டம். என் மனசாட்சி சொன்னபடி போட்டேன்."

நிக்கானோர் குனிந்து அவர் காலை அளவெடுத்தான்.

"அந்தத் துரோகிக்கா பூட்ஸ் தைக்கிற? வெக்கமா இல்ல?" என்று மனைவி பாஸ்குவாலா பொரிந்து தள்ளினாள்.

"பேசாம இரு. எல்லாம் ஞாயித்துக்கிழமை தெரியும்."

ஞாயிறு காலை எவரிஸ்தோ வீட்டில் விருந்தாளிகள் கூடியிருந்தார்கள். நிக்கானோர் பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தான். இடது கால் கச்சிதமாக நுழைந்தது. வலது கால் எவ்வளவு திணித்தும் நுழையவில்லை.

"டேய், ரெண்டுமே இடது காலுக்குடா!"

"ஆமாங்கய்யா" என்றான் நிக்கானோர், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்க சொன்னது என்னமோ ஒரு ஜோடிதான். ஆனா தைக்கிறவனை யாரு கட்டுப்படுத்த முடியும்? என் மனசாட்சி சொன்னபடி தைச்சேன்."