லம்யாயின் குப்பி

விகாரை மண்டபத்தின் வாசல் கதவைச் சாத்திவிட்டார்கள். கரும்பு வெட்டும் நாற்பது பேரும் உள்ளே வரிசையில் நின்றார்கள். சிறுநீரில் மருந்துச் சொட்டு விழுந்ததும் ஊதாவாக மாறினால் யாபா என்ற போதை மாத்திரை தின்றவர். அன்றே வண்டியேற்றிப் போதை மீட்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு மாதம்.

குப்பிகளைக் கொடுக்கும் வேலை கம்பானுக்கு. போன வருடம் முகாமிலிருந்து திரும்பியவன். "இவனைப் பாருங்க. பத்து மாசமா சுத்தம். இவனுக்கு டெஸ்ட்டே வேணாம்," என்று அவன் தோளில் கை போட்டுச் சொன்னார் ஊர்த்தலைவர்.

"எங்களையும் அப்படியே விட்டுடுங்களேன் தலைவரே," என்றான் வரிசையில் ஒருவன்.

"காலையிலேர்ந்து மூணு குடம் தண்ணி குடிச்சிருக்கியே, எதுக்கு? எருமை மாதிரி குடிச்சாலும் ஊதா ஊதாதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கம்பானின் மனைவி லம்யாய் சிரிக்கவில்லை. குப்பியை வாங்கும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பின்பக்கம் வா."

கழிப்பறைச் சுவரோரம் குப்பியை அவன் கையிலேயே திணித்தாள்.

"இதுல நீ ஒண்ணுக்குப் போ."

"என்னது?"

"நேத்து ஒண்ணு போட்டேன். முந்தாநாளும். இடுப்பு விட்டுப்போச்சு கம்பான், வெட்ட முடியலை. திட்டுறதை வீட்ல வச்சுக்க. சீக்கிரம்."

முந்தாநாள் கரும்பு லாரி ஓட்டுகையில் கம்பானும் மாத்திரை விழுங்கியிருந்தான். இந்தக் குப்பியை அவன் நிரப்பினால் அவளை அவனே முகாமுக்கு அனுப்பியதாகும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள்.

"கண்டுபிடிச்சிடுவாங்க."

"யாரு, பிக்குல் அக்காவா? கண்ணாடி இல்லாட்டி அவங்களுக்குக் குப்பியே தெரியாது. நீ சுத்தம்னு ஊரே சொல்லுது. நானும்தான் சொல்றேன்."

உள்ளிருந்து சுகாதாரத் தொண்டர் பிக்குலின் குரல் கேட்டது. "லம்யாய் எங்கடி போன?"

கம்பான் கழிப்பறைக்குள் போய்க் குப்பியை நிரப்பிக்கொண்டு வந்தான். லம்யாய் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. நேராக மேசைக்கு நடந்தான்.

"லம்யாயோடதா?" என்றாள் பிக்குல், பேனாவை எடுத்து.

"என்னுது. என் பேரை எழுதுங்க அக்கா."

"உனக்கு வேணாம்னாரே தலைவர்."

"எழுதுங்க."

இரண்டு சொட்டு விட்டாள். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்ததுபோல் ஊதா பரவியது.

லம்யாய் அருகில் வந்து குப்பியைப் பார்த்தாள். பிக்குல் இன்னொரு குப்பியை அவளிடம் நீட்டினாள்.

"வேணாம்க்கா. மருந்தை வீணாக்காதீங்க. என்னுதும் அதே நிறம்தான்."

வண்டிக்குக் காத்திருக்கும் பலகையில், கம்பானுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை போட்ட?"

"ஒண்ணு."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு," என்றான் கம்பான்.