வாந்தி எடுத்த கெண்டிகள்

சீனாவை மஞ்சு அரசர்கள் ஆண்ட காலத்தில், நண்டுப் பருவம் முடிந்த வாரம், டிங்ஷான் ஊரில் செய்த நாற்பத்தொரு தேநீர்க் கெண்டிகள் வாந்தி எடுத்தன. அந்த வாரம் அரிசி விலையில் மாற்றம் இல்லை.

கெண்டிகளைச் செய்தவள் ஜியாங் ஹுய். ஊதாக் களிமண்ணைத் தட்டித் தகடாக்கி, வளைத்து ஒட்டி, சக்கரமே இல்லாமல் கெண்டி செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கணவன் இறந்த ஆண்டு தன் பெயரில் ஒரு மர முத்திரை செதுக்கி வைத்துக்கொண்டாள். பெண் பெயர் போட்ட கெண்டியைக் கடைக்காரர்கள் தொட மறுத்ததால், ஒன்பது ஆண்டுகளாக அந்த முத்திரையில் மண் படவில்லை. மாவட்ட அதிகாரியும் கவிஞருமான பான் ஷிலின், நண்பர்களோடு சேர்ந்து கெண்டிகளில் கவிதை செதுக்கப்போவதாகச் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கைப்பிடிக்கு அடியில, ஒரு பயறு அளவுக்கு என் பேரு இருக்கட்டும் ஐயா.”

“மண்ணு பிசையறவளுக்குப் பேரு ஒரு கேடா? கெண்டி வெறும் காகிதம்மா. எழுத்துதான் சரக்கு.”

பாதி காய்ந்த மண்ணில்தான் எழுத்து செதுக்க முடியும். அறிஞர்கள் நண்டும் மதுவும் முடித்து வர நான்கு நாள் ஆனது. அதுவரை அவள் தூக்கமில்லாமல் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் நண்டு நெய் வழியும் விரல்களோடு, மூங்கிலின் தூய்மையையும் ஆசையற்ற வாழ்வையும் செதுக்கினார்கள். அடியில் தங்கள் முத்திரைகளைக் குத்தினார்கள். சூளையிலிருந்து வந்ததும், பளபளப்பு ஏறட்டும் என்று தங்கள் மூக்கோரத்து எண்ணெயை வழித்து மேலே தடவினார்கள். அதற்குப் பெயர் கெண்டி வளர்ப்பாம். கண்றாவி!

முதல் கெண்டி பான் வீட்டு விருந்தில் குமட்டியது. மூடி இரண்டு முறை எழும்பி அடங்க, மூக்கு வழியாக நண்டு ஓடும் பன்றிக் கொழுப்பும் புளித்த மதுவும் கிண்ணத்தில் கொட்டின. மற்ற கெண்டிகளும் தொடர்ந்தன. எவர் கவிதையோ அவர் தின்றது வந்தது. அப்போதே போட்டு உடைத்திருக்க வேண்டும். பான் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, “ஆஹா, பழமையின் மணம்!” என்றார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் மணந்தது. அந்த வாந்தியைப் புகழ்ந்து பதினாறு கவிதைகள் எழுதினார்கள். சூச்சோ நகரத்துப் பணக்காரர்கள் படகு பிடித்து வந்தார்கள். மூன்றாம் ஆண்டில், சாதாரணக் கெண்டிக்குள் அழுகிய மீனை அடைத்து விற்கும் போலிகளும் கிளம்பிவிட்டார்கள்.

அதனால் பான் மறுபடி அவள் வாசலுக்கு வந்தார்.

“அசலைச் செஞ்சவ நீதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. உன் முத்திரை இருந்தாத்தான் இனிமே நம்புவாங்களாம். இன்னும் நாப்பது செஞ்சு கொடு. எங்க வேணும்னாலும் குத்திக்கோ. எங்க பேருக்கு மேலயே குத்திக்கோம்மா.”

முத்திரை அவள் இடுப்பில்தான் இருந்தது. எடுத்து அதன் எழுத்தை விரலால் தடவினாள். பன்னிரண்டு ஆண்டு ஏக்கம் அல்லவா.

“நாத்தம் உங்களோடது ஐயா. அதுக்கு என் பேரு எதுக்கு?”

படகோட்டி ஒருவன் கேட்டிருந்த கெண்டி ஈரத்தோடு பலகையில் இருந்தது. அதன் வயிற்றில், நட்ட நடுவில், அவர் பார்க்கப் பார்க்க முத்திரையை அழுத்தினாள். பான் காறித் துப்பிவிட்டுப் பல்லக்கில் ஏறினார். அதைச் சூளையில் சுட்ட பிறகு படகோட்டி ஊற்றியபோது தேநீர் மட்டும் வந்தது.

அந்த நாற்பத்தொன்றும் இன்றும் பெரிய வீடுகளில் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குமட்டும். வேலைக்காரி கீழே ஒரு தட்டை வைப்பாள். விருந்தாளிகள் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, மூங்கிலின் தூய்மை பற்றி மேலே பேசுவார்கள்.