வியாழக்கிழமை எடுத்த ஸ்கேன்

வியாழக்கிழமையே புருல் கண்டுபிடித்துவிட்டாள். தோக்மோக் நகர மருத்துவமனையில் பதினாறு வருடமாக ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்பவள் அவள். தையல் கூடத்தில் வேலை செய்யும் நுர்சாத் அன்று இடது கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்திருந்தாள். முழங்காலுக்குப் பின்னால் கருவியை வைத்து அழுத்தினால் நல்ல ரத்தக்குழாய் தட்டையாகிவிடும். நுர்சாத்துக்கு அது அமுங்கவே இல்லை. உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. ‘உடனே படுக்கையில் சேர்க்கவும்’ என்று அறிக்கையில் எழுதி, துறைத்தலைவர் எர்கின் சாதிகோவிச்சின் அறைவாசல் வரை அவளைக் கொண்டுபோய் விட்டாள்.

அவர் அதைப் படிக்காமல் களிம்பு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது, திங்கட்கிழமைதான் புருலுக்குத் தெரிந்தது. அன்று காலை நுர்சாத் தையல் மெஷின் மேலேயே சரிந்து விழுந்தாள். காலில் இருந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டது. உதடு நீலம் பாரித்து, தீவிரச் சிகிச்சையில் கிடந்தாள்.

மத்தியானம் எர்கின் சாதிகோவிச் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காரும்மா. டீ குடிக்கிறியா?”

“வேணாம். விஷயத்தைச் சொல்லுங்க.”

வியாழக்கிழமைக் குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளினார். கடைசி வரி மட்டும் புது மையில் இருந்தது: ‘படுக்கையில் சேரச் சொன்னோம், நோயாளி மறுத்துவிட்டார்.’

“கீழ சாட்சின்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

“அவ மறுக்கலையே. நீங்க சேரவே சொல்லல.”

“ஒரு நாளைக்கு நாப்பது பேர் வர்றாங்க. யாருக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குமா? சொல்லியிருந்தாலும் அந்தத் தையக்காரி வேலைய விட்டுட்டுப் படுத்திருக்கப் போறாளா?”

புருலுக்குக் காது மடல் கொதித்தது.

“நீங்க படிக்கத்தான் நான் எழுதறேன். படிக்கல. இப்ப மூச்சு விடமுடியாம கிடக்கறவ தலையிலயே பழிய போடறீங்க. வெக்கமா இல்ல?”

“வார்த்தைய அளந்து பேசு.”

“அளந்துதான் பேசறேன். இல்லன்னா இந்தக் கட்டடமே கேட்டிருக்கும்.”

கதவை அறைந்து சாத்திவிட்டு நேராகத் தன் அறைக்குப் போனாள். வியாழக்கிழமைப் படத்தையும் அறிக்கையையும் தேதி, நேரத்தோடு இன்னொரு பிரதி எடுத்தாள்.

நடைவழியில் நுர்சாத்தின் கணவன் ஷெர்மத் நின்றிருந்தான். வேன் ஓட்டுபவன், கண் சிவந்திருந்தது.

“அக்கா, ஆஸ்பத்திரில சேரமாட்டேன்னு அவளே சொல்லிட்டாளாம். டாக்டர் சொன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. கண்ணு முழிக்கட்டும், கேக்கறேன் அவள.”

அவனிடமும் சொல்லிவைத்துவிட்டார்.

“அவள ஒண்ணும் கேக்காத தம்பி,” என்றாள் புருல். “அவகிட்ட யாருமே சொல்லல. இதப் பாரு.” நடைவழியில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி அறிக்கையை வரிவரியாகப் படித்து, அவன் கையில் கொடுத்தாள்.

நுர்சாத் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. ஷெர்மத் புகார் எழுதினான், விசாரணை வந்தது. எர்கின் சாதிகோவிச்சுக்கு ஒரு கண்டனக் கடிதம் கிடைத்தது, நாற்காலி போகவில்லை. அனுமதியில்லாமல் பிரதி கொடுத்தாயா என்று புருலைக் கேட்டார்கள். ‘கொடுத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே அவளை ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. அங்கே யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும், அறிக்கையை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அவள் அனுப்புவதில்லை.