நூற்றெண்பது அகலம்

கட்டுரைக்கான வரைபடம் கணினித் திரையில் ஒழுங்காகத்தான் இருந்தது. டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் பதினோரு இடங்களில் ஏழு வருடங்களாக பிரைனி மூழ்கி மூழ்கி எண்ணிய ராட்சதக் கடற்பாசிகள், வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வரும் கோடுகளாக நின்றன. ஆனால் ‘சேமி’ என்று அழுத்தியதும் கணினியின் விசிறி இரைந்தது, திரை உறைந்தது, மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. காலையிலிருந்து பதினேழாவது முறை.

ஆய்விதழின் தளம் மூன்று மணிக்கு மூடிவிடும். இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று ஆசிரியர் எழுதிவிட்டார். இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டால் ஹோபார்ட்டில் அவள் வேலை நீளும். இல்லையென்றால் நாட்டின் மறுகோடியில் இருக்கும் பெர்த்திலிருந்து வந்த வேலை அழைப்புக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவள் கணவன் ஆங்கஸின் படகுப் பட்டறை இங்கே ஆற்றங்கரையில் இருந்தது. கணவனும் மனைவியும் மூன்று வாரமாக அதைப் பற்றிப் பேசாமலே சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டிருந்தார்கள்.

நண்பகலில் அவன் தலையெல்லாம் மரத்தூளோடு சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ‘ஸ்காலப் பை’ வாங்கிக்கொண்டு அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே வந்தான்.

“சாப்பிட்டுட்டு அழு.”

“நான் அழல.”

“அப்ப மூஞ்சியில என்ன, கடல்தண்ணியா?” அவள் தோளுக்கு மேல் குனிந்தான். “எங்க, காட்டு. என்னதான் பண்ணுது இது?”

“ஆங்கஸ், ப்ளீஸ். உளியும் ரம்பமும் இல்ல இது. நீ பக்கத்துல நின்னா எனக்கு இன்னும் தப்புதான் ஆகுது. போயேன்.”

அவன் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கதவை மெதுவாகச் சாத்தினான். ஓங்கிச் சாத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கணினிப் பிரிவில் இருக்கும் செல்வின் என்பவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“மெமரி பத்தலம்மா. எத்தன புள்ளி வச்சிருக்க?”

“நாப்பதாயிரம்.”

“அதெல்லாம் ஒரு விஷயமே இல்லையே! பாதியத் தூக்கிப் பாரு.”

பாதியைத் தூக்கினாள். ஒவ்வொரு புள்ளியும் பத்து டிகிரித் தண்ணீரில் விரல் மரத்து எழுதியது. அதற்கும் மூடிக்கொண்டது. கால்வாசி மட்டும் விட்டாள். மென்பொருளையே அழித்துப் புதிதாக ஏற்றினாள். வேறு வழியில்லாமல் திரையை அப்படியே படம்பிடித்து அனுப்பினாள். தரம் போதாது என்று தளம் நொடியில் திருப்பிவிட்டது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு. மறுபடி அனுப்பினாள். மறுபடி திருப்பியது.

மூன்று மணிக்கு ‘அனுப்பு’ பொத்தான் சாம்பல் நிறமாயிற்று.

ஐந்தரைக்கு ஆங்கஸ் அவளை அழைத்துப் போக வந்தான். அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, திரையில் திறந்தே கிடந்த அளவுப் பெட்டியைப் பார்த்தான். அகலம் நூற்றெண்பது, உயரம் நூற்றிருபது, அறுநூறு புள்ளி அச்சுத் தரம்.

“இந்த நூத்தியெம்பது என்ன?”

“மில்லிமீட்டர். இதழ்ல கேட்ட அளவு.”

“பக்கத்துல இன்ச்னு போட்டிருக்கே.”

பழைய படகுகளைப் பழுதுபார்க்கிறவன் நாளெல்லாம் அங்குலத்தில்தான் அளப்பான். அவளோ பிறந்ததிலிருந்து மில்லிமீட்டர் தவிர வேறு எதையும் நினைத்ததில்லை. எண்ணுக்குப் பக்கத்திலிருந்த பொடி எழுத்தை அவள் கண் காலையிலிருந்து தாண்டிக்கொண்டே போயிருக்கிறது.

“நூத்தியெம்பது இன்ச்னா நாலரை மீட்டர் அகலம், பிரைனி. அதான் இதுக்கு மூச்சு முட்டுது. என் பட்டறைக் கதவுக்குள்ள நுழையாது.”

அவள் மெல்லக் கையை நீட்டி அலகை மாற்றினாள். எடுத்துவிட்ட புள்ளிகளையெல்லாம் திரும்பச் சேர்த்தாள். ‘சேமி’ என்று அழுத்தினாள். நான்கு நொடி. நாற்பதாயிரமும் கூர்மையாக, ஒரு குறையுமில்லாமல் விழுந்தன.

“மத்தியானம் நீ பாக்குறேன்னு சொன்ன,” என்றாள். “நான்தான் விரட்டினேன்.”

“நானும் உடனே கிளம்பிட்டேன். கோவம்.”

இருவரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அனுப்ப இனி இடமில்லை.

“பெர்த்ல மரப்படகு கட்டுறாங்களா?” என்று அவன் கேட்டான்.

“அங்க எல்லாம் அலுமினியம்.”

அவன் தலையாட்டினான். கூட வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வா என்று அவளாலும் கேட்க முடியவில்லை. அவன் கை மட்டும் அவள் முழங்கால்மேல் இருந்தது. வேலைக்குச் சம்மதம் என்று பெர்த்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவள் ஒற்றைக் கையால் தட்டத் தொடங்கினாள்.